மூன்று நாள் எப்படி நாற்பது ஆண்டானது?

பத்து முதல் ஐம்பது வரை. சபரிமலைக்கு மாலை போட்டவர் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு எண்களும் தயக்கமில்லாமல் வரும். பத்து வயதுக்குள் இருக்கும் சிறுமியும் ஐம்பதைத் தாண்டிய பெண்ணும் 'மாளிகைப்புறம்' ஆகி மலையேறலாம். இடைப்பட்டவர்கள் பம்பையோடு நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டால் சில குருசாமிகள் குரலைத் தாழ்த்தி 'தீட்டு' என்பார்கள். சிலர், சாமி நைஷ்டிக பிரம்மச்சாரி என்பார்கள். 41 நாள் விரதத்தைப் பெண்ணால் இடைவிடாமல் இருக்க முடியாது என்பார்கள் இன்னும் சிலர். இவை மூன்றும் வெவ்வேறு காரணங்கள். ஒன்று உண்மையென்றால் மற்ற இரண்டும் தேவையே இல்லை.

என் சந்தேகம் அந்த எண்களில் தொடங்கியது. நம் வீடுகளில் மாதவிலக்கு நாள் கணக்கு. மூன்று நாள் 'தூரம்' என்று ஒதுங்கிவிட்டு, நாலாம் நாள் தலைக்குக் குளித்தால் அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் திரும்பலாம். ஊர்க் கோயிலுக்கும் அதே கணக்குத்தான். அந்த ஒதுக்கலே நியாயமா என்பது தனிக் கேள்வி. ஆனால் அதை ஏற்றுக்கொண்டவர்களின் கணக்கிலும் அது நாள்களில்தான் முடிகிறது. இந்த மலையில் மட்டும் அது ஆண்டுக் கணக்காக நீண்டது எப்படி? 'பத்து' என்றும் 'ஐம்பது' என்றும் முதலில் எழுதியவர் யார்? பக்தியின் சரி தவறை விட்டுவிட்டு, தாள்களை மட்டும் பின்தொடர்வது என்று முடிவு செய்தேன்.

தொடங்க வசதியான இடம் 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு. நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என்றது அது. தீர்ப்புகளை அவற்றின் முடிவுக்காகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அவை ஆவணக் களஞ்சியம். இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான பழைய தாள்களையெல்லாம் தேடிக் கொண்டுவந்து இணைத்திருப்பார்கள். கோயிலை நிர்வகிக்கும் தேவசம் அலுவலகத்தில் தூசியோடு போயிருக்க வேண்டிய அறிவிக்கைகள் அங்கே வரி மாறாமல் கிடக்கும். இந்தத் தீர்ப்பும் அப்படித்தான். அது என்னை மூன்று தேதிகளுக்கு அனுப்பியது: 1991, 1965, 1956.

1991 ஏப்ரல் 5. மகேந்திரன் வழக்கு என்று அறியப்படும் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு. சட்டப்படி பெண்களைத் தடுத்து நிறுத்தியது இந்தத் தீர்ப்புதான். வழக்கு பிறந்ததே ஒரு புகைப்படத்தில். 1990 ஆகஸ்ட் 19 அன்று 'ஜன்மபூமி' என்ற மலையாள நாளேட்டில் ஒரு படம் வந்தது. தேவசம் போர்டின் முன்னாள் ஆணையர் ஒருவர் சன்னிதானத்தில் தன் பேத்திக்குச் சோறூட்டுகிறார். குழந்தையின் தாயும் அங்கே இருக்கிறார். செப்டம்பர் 24 தேதியிட்ட ஒரு கடிதம் உயர் நீதிமன்றத்துக்குப் போக, நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது.

நான் அதிகம் நின்று படித்தது தேவசம் போர்டு தந்த பதிலைத்தான். மண்டலம், மகரவிளக்கு, விஷு ஆகிய காலங்களில் பெண்களை அனுமதிப்பதில்லை. ஆனால் மாதப் பூஜைக்கு நடை திறக்கும் நாள்களில் கடந்த இருபது ஆண்டுகளாக எல்லா வயதுப் பெண்களும் வந்துபோகிறார்கள் என்றது போர்டு. மலையாள மாதம் பிறந்ததும் ஐந்து நாள் நடை திறந்திருக்கும். ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் பிறக்கும். படம் வந்த தேதி அதோடு பொருந்துகிறது. குழந்தைகளின் சோறூணுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்து வந்ததாகப் போர்டு சொன்னது. கைக்குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட வரும் தாய் ஐம்பதைத் தாண்டியவளாக இருக்க வாய்ப்பில்லை. ஆக, 1970-களிலும் 80-களிலும் இளம் தாய்மார்கள் மலையேறியிருக்கிறார்கள். கோயிலே அவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு துப்பும் இருந்தது. கொல்லம் ஆண்டு 1115-இல் திருவிதாங்கூர் மகாராஜா, மகாராணியோடும் திவானோடும் சபரிமலைக்கு வந்தார் என்று போகிற போக்கில் சொல்கிறது அது. 1115 என்றால் 1939–40. மகாராஜா சித்திரைத் திருநாள். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். மகாராணி யார்? சித்திரைத் திருநாள் மணம் செய்துகொள்ளாதவர். மருமக்கத்தாய வழிவரும் திருவிதாங்கூரில் மகாராணி என்பது மன்னரின் மனைவியைக் குறிப்பதில்லை. அரச குலத்து மூத்த பெண்களுக்கு உரிய பட்டம் அது. அப்போது அந்தப் பட்டத்தில் இருவர் இருந்தனர்: 1895-இல் பிறந்த சேது லட்சுமி பாய், 1896-இல் பிறந்த, மன்னரின் தாய் சேது பார்வதி பாய். இருவரில் எவராக இருந்தாலும் அன்றைக்கு வயது நாற்பத்திரண்டு முதல் நாற்பத்து நாலுக்குள்தான். பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்தான் வருகிறது.

அந்தக் காலத்தில் பெண்கள் கோயிலுக்குள் நுழையத் தடை இருக்கவில்லை, அரிதாகவே வந்தார்கள், அப்படி வராததற்குக் காரணம் மதம் சார்ந்ததும் அல்ல என்ற பொருளில் தீர்ப்பின் நடுவில் ஒரு பத்தி இருக்கிறது. அதே தீர்ப்பின் முடிவோ, பத்து முதல் ஐம்பது வயதுப் பெண்களுக்கான தடை நினைவுக்கெட்டாத காலம் தொட்டு இருந்துவரும் வழக்கம் என்கிறது. நடுவில் உள்ளதையும் கடைசியில் உள்ளதையும் அடுத்தடுத்துப் படித்தால் தலை சுற்றும். தந்திரி, பந்தளம் அரண்மனையின் மூத்தவர் ஒருவர், ஐயப்ப சேவா சங்கச் செயலாளர் ஆகியோரின் சாட்சியங்களில் நீதிமன்றம் சாய்ந்தது. இருபது ஆண்டு ரசீதுகள் ஒதுங்கிக்கொண்டன. 41 நாள் விரதம், நைஷ்டிக பிரம்மச்சரியம் என்ற இரண்டு காரணங்களும் சட்டத்தின் மொழியில் நிலைபெற்றது இங்கேதான். பெண்களை விடக் கூடாது என்று போர்டுக்கும், அதற்குக் காவல்துறை உதவி தர வேண்டும் என்று அரசுக்கும் உத்தரவு போயிற்று.

பெண்களைப் பற்றிய சட்ட விதி எங்கே இருக்கிறது என்று தேடினால் 1965 வந்து நிற்கிறது. கேரள இந்து பொது வழிபாட்டிட நுழைவுச் சட்டமும் அதன் விதிகளும். எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிடப் பிறந்த சட்டம் இது. அதன் மூன்றாம் விதியில், யார் யார் நுழையலாகாது என்று ஒரு பட்டியல்: இந்து அல்லாதவர்கள், வழக்கப்படி அனுமதிக்கப்படாத சமயங்களில் பெண்கள், பிறப்பு இறப்புத் தீட்டு உள்ளவர்கள், குடித்துவிட்டு வருபவர்கள், தொற்றுநோய் உள்ளவர்கள், மனநிலை பிறழ்ந்தவர்கள், பிச்சையெடுக்க மட்டும் வருபவர்கள். பெண் யாரோடு வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கிறாள் என்பதை வாசகர்கள் பார்த்துக்கொள்ளலாம். என் கண் பட்டது வேறொன்றில். விதி பேசுவது சமயங்களைப் பற்றி. அதில் வயது இல்லை, சபரிமலையின் பெயரும் இல்லை. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனத்தைச் செயல்படுத்த வந்த விதிகளிலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். ஆக, சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்தது வீட்டில் உள்ள அதே நாள் கணக்கு. மூன்று நாளைக்கு எழுதிய விதியை நாற்பது ஆண்டுக்கு இழுத்துப் பிடித்துத்தான் 1991-க்குப் பிறகு மலைக்குப் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் எண்கள் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அவை கிடைத்தது 1956 நவம்பர் 27 தேதியிட்ட ஒரு தேவசம் அறிவிக்கையில். முந்தைய ஆண்டு, 1955 அக்டோபர் 21 அன்றும் இதே பொருளில் ஓர் அறிவிக்கை வந்திருந்தது. தேதிகளே பேசுகின்றன. கார்த்திகை முதல் நாள், அதாவது நவம்பர் நடுவில், மண்டலக் கூட்டம் தொடங்கும். முதல் தாள் கூட்டம் வருவதற்கு முன்பு வந்தது. இரண்டாவது, கூட்டம் மலையில் இருக்கும்போதே வந்தது. கேரள மாநிலம் பிறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

1956 அறிவிக்கை சிறியது. அது சொல்வதன் சாரம் இது: பிரதிஷ்டையின் அடிப்படைத் தத்துவத்தின்படி, விரதம் இல்லாத ஐயப்பன்மாரும் பருவம் எய்திய பெண்களும் பதினெட்டாம்படி ஏறித் தரிசனம் செய்யும் வழக்கம் இருந்ததில்லை, அண்மைக்காலமாக இந்த வழக்கம் பிசகிவருவதாகத் தெரிகிறது, கோயிலின் புனிதத்தைக் காக்க, விரதமில்லாத ஐயப்பன்மார் பதினெட்டாம்படி ஏறக் கூடாது, பத்து முதல் ஐம்பத்தைந்து வயதுவரையான பெண்கள் கோயிலுக்குள் நுழையக் கூடாது.

இந்தச் சிறிய தாளில் நான்கு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, வழக்கம் பிசகுகிறது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. யாரும் வராத வாசலில் 'வராதே' என்று யாரும் பலகை மாட்டுவதில்லை. இரண்டாவது, எண் ஐம்பத்தைந்து. 1991-இல் அது ஐம்பதாகிவிட்டது. ஐந்து ஆண்டு காரணம் சொல்லாமல் கழன்றுபோயிருக்கிறது. மாறாத வழக்கத்தின் அளவு 35 ஆண்டுக்குள் மாறியிருக்கிறது. மூன்றாவது, பழைய வழக்கத்தைச் சொல்லும்போது 'பருவம் எய்திய பெண்கள்', 'பதினெட்டாம்படி' என்கிறது. உத்தரவு போடும்போது முன்னது வயதாகவும் பின்னது முழுக் கோயிலாகவும் விரிந்துவிடுகின்றன. நான்காவது, தடை பெண்களுக்கு மட்டுமல்ல. விரதம் இல்லாத ஆண்களுக்கும் உண்டு. ஆண்களுக்கான பாதி பிறகு நெகிழ்ந்தது. இருமுடி இல்லாதவர்கள் பதினெட்டாம்படியைத் தவிர்த்து வேறு படிகள் வழியாகப் போய்த் தரிசிக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. பெண்களுக்கான பாதியை நீதிமன்றம் இறுக்கிக் கட்டியது.

1950-களின் நடுவில் வழக்கம் ஏன் பிசகியது? இங்கே தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. 1950-இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. மீண்டும் எழுப்பிய கோயிலில் ஐம்பொன் விக்கிரகம் பிரதிஷ்டையாயிற்று. அந்த விக்கிரகத்தை நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜனும் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும் தமிழகம் முழுக்க ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள். ராஜமாணிக்கத்தின் ஐயப்பன் நாடகம் ஊர் ஊராக நடந்தது. காட்டுப் பாதையில் சிறு கூட்டமாகப் போய்வந்த யாத்திரை சில ஆண்டுகளில் பெருந்திரளாயிற்று. திரள் பெருகினால் குடும்பமாகவும் வருவார்கள். என் ஊகம் இது: வழக்கம் தானாகப் பார்த்துக்கொண்டதைக் கூட்டம் வந்தபோது வாசல் காப்பவன் பார்க்க வேண்டியதாயிற்று. வாசலில் நிற்பவன் ஒரு பெண்ணிடம் 'இன்றைக்கு எப்படி?' என்று கேட்க முடியாது. வயதைக் கேட்க முடியும். அந்தச் சங்கடத்துக்கு அலுவலகம் கண்ட விடைதான் பத்தும் ஐம்பத்தைந்தும். இப்போது பம்பையில் ஆதார் அட்டையைப் பார்த்துப் பெண்களை அனுப்புவது அதன் நேர் வாரிசு.

அதோடு தேடலை நிறுத்தியிருந்தால் '1955-க்கு முன் தடையே இல்லை' என்று எழுதி முடித்திருக்கலாம். அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தாள்கள் அதை அனுமதிக்கவில்லை. மதராஸ் படையைச் சேர்ந்த வார்டு, கானர் என்ற இரு லெப்டினன்டுகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து எழுதிய குறிப்புகள் பின்னாளில் அச்சாயின. மலை, ஆறு, வழி, விளைச்சல் என்று போகும் அந்தக் குறிப்புகளில் சபரிமலையும் உண்டு. கிழவிகளும் சிறுமிகளும் கோயிலை அணுகலாம், பருவம் எய்தியவர்கள் குறிப்பிட்ட வயதுக்கட்டம் வரை அணுகலாகாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. 2018-இல் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இந்து மல்ஹோத்ரா இதை எடுத்துக் காட்டினார். காட்டியது சரிதான். இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒரு தடை இருந்திருக்கிறது.

ஆனால் அந்த வாக்கியத்தின் மிச்சப் பகுதியையும் படிக்க வேண்டும். அங்கே எண் இல்லை. தீட்டு என்ற காரணமும் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆண் பெண் சேர்க்கை சாமிக்கு ஆகாது என்பதே அது தரும் காரணம். புலி திரியும் காட்டில் பல நாள் தங்கிப் போகும் யாத்திரையில் பிரம்மச்சரியம் கெடாமலிருக்க ஏற்பட்ட கட்டுப்பாடு அது. பெண்ணின் ரத்தத்தைப் பற்றி அந்தக் குறிப்பில் பேச்சே இல்லை. பிற்காலத்து நைஷ்டிக பிரம்மச்சரிய வாதத்துக்கு இது நெருங்கிய உறவு. 41 நாள் விரத வாதத்துக்கு இதில் இடமில்லை. தடை ஒன்றாகவே இருக்க, காரணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது: 1820 வாக்கில் சேர்க்கை, 1956-இல் பிரதிஷ்டைத் தத்துவமும் புனிதமும், 1991-இல் உடல்கூறும் விரதமும்.

தீட்டின் வேரைத் தேடிச் சாத்திரத்துக்கும் போனேன். தைத்திரிய சம்ஹிதையில் ஒரு கதை உண்டு. துவஷ்டாவின் மகன் விசுவரூபனைக் கொன்ற இந்திரன் அந்தப் பாவத்தை மூன்றாகப் பங்கிட்டான். ஒரு பங்கை மண் வாங்கிக்கொண்டது, ஒன்றை மரம், ஒன்றைப் பெண்கள். பெண்கள் வாங்கிய பங்கு மாதந்தோறும் தோன்றுகிறது என்கிறது கதை. கொலை செய்தவன் தேவராஜன். சுமப்பவள் அடுத்த வீட்டுப் பெண். தலை வாரக் கூடாது, மை இடக் கூடாது, நகம் வெட்டக் கூடாது என்று அங்கே ஒரு நீண்ட பட்டியல். அவ்வளவு கடுமையான அந்தப் பட்டியலும் மூன்று இரவுக்குத்தான்.

கடைசியாக ஒரு சாட்சி, சபரிமலைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. தமிழகத்திலிருந்து ரயிலில் போகும் சாமிமார் இறங்கும் ஊர் செங்கன்னூர். அங்குள்ள மகாதேவர் கோயிலில் பகவதிக்கு மாதவிலக்கு வரும் என்பது நம்பிக்கை, 'திருப்பூத்து' என்பார்கள். அம்மன் உடையாடையில் கறை தெரிந்தால் தாழமண் மடத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குடும்பத்து மூத்த பெண்மணி பார்த்து உறுதிசெய்வார். பகவதி மூன்று நாள் ஒதுங்குவாள். நாலாம் நாள் பம்பையில் மித்ரப்புழைக் கடவில் ஆறாட்டு. பெண் யானைமேல் திரும்பி வருவாள். 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ இதை நம்பாமல் கேலி செய்து, பிறகு மனம் மாறிப் பொன் வளையல் காணிக்கை தந்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது. வார்டும் கானரும் அளக்கத் தொடங்கியது அவர் காலத்தில்தான்.

தாழமண் மடத்தைச் சபரிமலை வழக்கைப் படித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். சபரிமலையின் தந்திரிகளும் அதே குடும்பம். ஒரே குடும்பத்தின் கண்காணிப்பில் ஒரு கோயிலில் தேவியின் உதிரம் திருவிழா; இன்னொன்றில் உதிரம் வரக்கூடிய வயதே தடை. இரண்டு கோயில்களின் மரபும் வேறு என்று அவர்கள் பதில் சொல்லலாம்; ஆகமப்படி அது செல்லுபடியாகும் பதில்தான். ஆனாலும் தேவிக்கே மூன்று நாள்தான் என்ற கணக்கை அந்தப் பதில் அழித்துவிடாது.

2018 தீர்ப்பின் பெரும்பான்மை, 1965 விதிகளில் பெண்களைப் பற்றிய விதி 3(பி) மூலச் சட்டத்துக்கே முரணானது என்று அதை அடித்துப்போட்டது. மாதவிலக்கை வைத்துப் பெண்ணை விலக்குவதும் ஒருவகைத் தீண்டாமைதான் என்று அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவோடு பொருத்தி நீதிபதி சந்திரசூட் எழுதினார். 2019 ஜனவரி 2 அன்று இரண்டு பெண்கள் தரிசனம் செய்ததும் நடையடைத்துச் சுத்திகிரியை நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று, சீராய்வு மனுக்களை விசாரித்த அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

நீதிமன்றம் எப்படித் தீர்த்தாலும் தாள்கள் சொல்வதில் மாற்றமிருக்காது. பருவம் எய்திய பெண்களை விலக்கும் வழக்கம் பழையது. ஆனால் அது தீட்டின் பெயரால் எழுதப்பட்டதில்லை. மாதவிலக்குத் தீட்டும் பழையது. ஆனால் அது மூன்று நாளைத் தாண்டியதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டி, எண் போட்டு, ஆண்டுக் கணக்காக்கியது இருபதாம் நூற்றாண்டின் அலுவலகமும் நீதிமன்றமும். 'காலங்காலமாக' என்று சொல்பவர்களும், 'நேற்று வந்தது' என்று சொல்பவர்களும் பாதித் தாளைத்தான் படித்திருக்கிறார்கள்.

மிச்சமிருக்கும் சாட்சி அந்தச் சோறூண் ரசீதுகள். அடிக்கட்டை தேவசம் பதிவேடுகளில் இருக்க வேண்டும். மறுபாதி குடும்பங்களின் கையில். 1991-க்கு முன் மாதப் பூஜை நாள்களில் போய்வந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்திருக்கலாம். அப்படிப் போன தாய்மார்களுக்கு இன்று அறுபது, எழுபது வயதாகியிருக்கும். பழைய ஆல்பத்தையும் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்தால், நீதிமன்றம் ஒதுக்கிவைத்த இருபது ஆண்டுகளை அவர்களால் சொல்ல முடியும். தடையைப் பற்றித் தந்திரியும் அரண்மனையும் நீதிபதிகளும் பேசிய அளவுக்கு, மலையேறி இறங்கிய அந்தப் பெண்கள் இன்னும் பேசவில்லை. என் அடுத்த தேடல் அவர்களிடம்தான்.